கைபிடித்து ஊருக்கு வெளியே: கண் மருத்துவர் கோ. வெங்கடசாமியின் வாழ்வு தரும் சிந்தனை



மாற்கு நற்செய்தியில் பெத்சாய்தா ஊரில் நடந்த ஒரு புதுமையை வாசிக்கிறோம் (மாற் 8:22-26). பார்வையற்ற ஒருவரை ஊரார் இயேசுவிடம் கூட்டி வருகிறார்கள். தொட்டுக் குணமாக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். ஆண்டவர் உடனே அந்த இடத்திலேயே குணமாக்கியிருக்கலாம். கூட்டமும் பார்த்து வியந்திருக்கும். ஆனால் அவர் அப்படிச் செய்யவில்லை. அந்த மனிதரின் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துச் செல்கிறார். கண்களைத் தொடுகிறார். பிறகு ஏதாவது தெரிகிறதா என்று விசாரிக்கிறார். அரைகுறையாகத்தான் தெரிகிறது என்று அறிந்ததும் மறுபடியும் தொடுகிறார். அதன் பிறகே எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

இந்தப் பகுதியில் மூன்று செயல்களைக் கவனிப்போம். கையைப் பிடிக்கிறார். தகுந்த இடத்துக்கு அழைத்துச் செல்கிறார். குணமாகிவிட்டதா என்று திரும்பவும் பார்க்கிறார். இரக்கம் என்றால் மனம் உருகுவது மட்டும்தான் என்று நாம் பல நேரம் எண்ணுகிறோம். ஆண்டவருடைய இரக்கத்தில் கவனமும் இருக்கிறது. இந்த மூன்று செயல்களையும் நம்முடைய கரிசல் மண்ணில் பிறந்த ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் செய்துகாட்டினார். அவர் கிறிஸ்தவர் அல்ல. ஆனாலும் அவருடைய வாழ்விலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. அவர்தான் அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி.

நாரணாபுரத்து அச்சம்

சிவகாசியை அடுத்த நாரணாபுரம் போன்ற ஊர்களில் பகலில் வீட்டுக்கு வீடு தாத்தாக்களும் பாட்டிகளும்தான் இருப்பார்கள். மற்றவர்கள் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் அச்சகத்துக்கும் போய்விடுவார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும், அடுப்பைக் கவனிப்பதும், ரேசன் கடைக்குப் போவதும் இந்த முதியவர்களின் பொறுப்பு. இவர்களுக்குக் கண்ணில் புரை விழுந்தால் வீட்டின் ஒரு தூணே சாய்ந்ததுபோல் ஆகிவிடும்.

கண் சிகிச்சை முகாம் என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டினால், சோதித்துப் பார்க்கப் பலர் வருகிறார்கள். ஆபரேசன் என்றதும் பின்வாங்குகிறார்கள். கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போடுவார்களாமே, விழித்திருக்கும்போதே அறுப்பார்களாமே, இலவசம் என்றால் பழகுவதற்கு நம் கண்தான் கிடைத்ததா என்றெல்லாம் கேட்கிறார்கள். இவற்றை அறியாமை என்று நாம் தள்ளிவிடக் கூடாது. இவை நியாயமான கேள்விகள். டாக்டர் வெங்கடசாமி இவற்றை அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அவருடைய வாழ்க்கையே இவற்றுக்கான பதில் என்று சொல்லலாம்.

மணலில் எழுதிப் படித்தவர்

1918-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள், எட்டயபுரம் பகுதியில் உள்ள அயன் வடமலாபுரம் என்ற சிற்றூரில், ஒரு விவசாயக் குடும்பத்தின் மூத்த மகனாக அவர் பிறந்தார். பலகையும் தாளும் கிடைக்காத காலம். பிள்ளைகள் மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிப் படித்தார்கள். காலையில் எருமைகளை மேய்த்துவிட்டுப் பள்ளிக்கு நடந்து போகும் சிறுவனாக அவர் வளர்ந்தார்.

அந்த ஊரில் மருத்துவர் கிடையாது. பிள்ளைப்பேற்றுக் காலத்தில் அவருடைய உறவுப் பெண்கள் மூவர் இளம் வயதிலேயே அடுத்தடுத்து இறந்தார்கள். தகுந்த நேரத்தில் தகுந்த உதவி கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் அவர்கள். மருத்துவராக வேண்டும், அதுவும் பேறுகால மருத்துவராக வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சாவுகளிலிருந்துதான் அவருக்குப் பிறந்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்தார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-இல் பட்டம் பெற்றார். 1945-இல் இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

அங்கேதான் அவருடைய வாழ்வில் சிலுவை வந்தது. கடுமையான முடக்குவாதம் அவரைத் தாக்கியது. 1948-இல் இராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். நீண்ட நாட்கள் படுக்கையில் கிடந்தார். நிற்க முடியவில்லை. விரல்கள் கோணி முறுக்கிக்கொண்டன. பேனாவைப் பிடிப்பதே கடினமாயிற்று. மணிக்கணக்கில் நின்று செய்ய வேண்டிய பேறுகால மருத்துவம் இனி முடியாது என்று ஆகிவிட்டது.

இந்த நிலையில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று சொல்லியிருப்போம். அவர் கண் மருத்துவம் படிக்கத் தொடங்கினார். கோணிய விரல்களால் கத்தியைப் பிடிக்கத் தம்மையே பழக்கினார். தம் கைக்கு ஏற்றவாறு கருவிகளை அமைத்துக்கொண்டார். உடலின் மிக மென்மையான உறுப்பை, உடலின் மிக ஊனமான கையால் தொட்டுக் குணமாக்கக் கற்றுக்கொண்டார். அந்தக் கைகள் பின்னாளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தன. வலியோடு வாழ்ந்தவர் என்பதால், மேசைமேல் படுத்திருப்பவரின் அச்சம் அவருக்குப் புரிந்திருக்கும் என்று நம்புகிறோம்.

முகாம்களின் காலம்

1956-இல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைத் தலைவராகவும், அன்று எர்ஸ்கின் மருத்துவமனை என்று அழைக்கப்பட்ட இன்றைய அரசு இராசாசி மருத்துவமனையின் கண் அறுவை மருத்துவராகவும் பொறுப்பேற்றார். இருபது ஆண்டுகள் அந்தப் பணியில் இருந்தார். கண் தெரியாத ஏழை மதுரைக்கு வர மாட்டார், நாம்தான் அவரிடம் போக வேண்டும் என்பதை விரைவிலேயே உணர்ந்தார். பேருந்துக் கட்டணம் இல்லை. துணைக்கு வர ஆள் இல்லை. துணைக்கு வருபவருக்கு அன்றைய கூலி போய்விடும். எனவே 1960-இல் கிராமங்களைத் தேடிச் செல்லும் கண் முகாம்களைத் தொடங்கினார்.

அந்தக் காலத்தில் நாட்டின் பல பகுதிகளிலும் முகாம் நடக்கும் இடத்திலேயே அறுவை சிகிச்சையும் நடந்தது. பள்ளிக்கூடத்தையோ சத்திரத்தையோ கழுவிவிட்டு, அங்கேயே மேசை போட்டு ஆபரேசன் செய்தார்கள். நோயாளிகள் அசையாமல் நாட்கணக்கில் பாயில் படுத்திருந்தார்கள். பிறகு கனமான சோடாபுட்டிக் கண்ணாடி கொடுக்கப்பட்டது. இவ்வாறு ஆயிரக்கணக்கானோர் பார்வை பெற்றார்கள். வசதி குறைந்த இடங்களில் இது நடக்க முடிந்ததற்கு ஒரு முக்கியமான காரணம் உண்டு. கண்புரைக்கு முழு மயக்கம் தேவையில்லை. கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும்.

மரப்பு ஊசியின் வரமும் வரம்பும்

மரத்துப்போகச் செய்யும் இந்த முறையே கண் மருத்துவத்தில்தான் பிறந்தது. 1884-ஆம் ஆண்டு வியன்னா நகரில் கார்ல் கோலர் என்ற 26 வயது மருத்துவர், கோக்கா இலையிலிருந்து எடுத்த மருந்தைச் சில சொட்டு கண்ணில் விட்டால் வலி தெரியாமல் போகிறது என்று கண்டார். அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் கூடிய கண் மருத்துவர்களிடம் இது செய்துகாட்டப்பட்டது. பயணச் செலவுக்குப் பணம் இல்லாததால் கோலர் அங்கே போகவில்லை. நண்பர் ஒருவர் அவருக்காகப் படித்தார். வழிச்செலவுக்கு வழியில்லாத ஒரு மருத்துவரின் கண்டுபிடிப்பு, வழிச்செலவுக்கு வழியில்லாத கோடிக்கணக்கான ஏழைகளுக்குப் பார்வை தந்தது. கோக்கா மருந்தின் தீமைகள் தெரிய வந்த பிறகு நல்ல மருந்துகள் வந்தன. 1943-இல் சுவீடனில் உருவாக்கப்பட்ட லிக்னோகைன் இன்றும் பயன்படுகிறது.

இதன் நன்மைகள் பெரியவை. நோயாளி தாமே மூச்சு விடுகிறார். தொண்டையில் குழாய் இறக்க வேண்டியதில்லை. முழு மயக்கத்தைத் தாங்க முடியாத இதய நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் இது ஏற்றது. விலை உயர்ந்த இயந்திரங்கள் தேவையில்லை. சில நிமிடங்களில் எழுந்து நடக்கலாம்.

ஆனால் வலிக்காதது எல்லாம் ஆபத்தில்லாதது என்று ஆகிவிடாது. கண்ணைச் சுற்றிப் போடும் ஊசியால் அரிதாகக் கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசியலாம். ஊசி முனை கண்ணையே குத்திவிடலாம். மருந்து நரம்பு வழியாக மூளைப் பக்கம் பரவி மூச்சுத் திணறலாம். சிலருக்கு ஒவ்வாமை வரலாம். அளவு மீறினால் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பும் பாதிக்கப்படலாம். ஊசி சிறியதுதான் என்றாலும், அதைப் போடும் இடத்தில் பிராணவாயுவும், அவசர மருந்துகளும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்தவரும் இருந்தாக வேண்டும். இவையெல்லாம் அரிதாக நடப்பவையே. ஆனால் அரிதானதற்குத் தயாராக இருப்பதுதான் பாதுகாப்பு.

இன்னொரு ஆபத்து ஊசியைவிடப் பெரியது. அது கிருமி. அறுவையின்போது வலியே தெரியாமல் எழுந்து போனவருக்கு இரண்டு மூன்று நாளில் கண் சிவந்து, சீழ் பிடித்து, பார்வையே போய்விடலாம். 1986 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் குர்ஜா நகரில் நடந்த ஒரு முகாமில் கண்புரை அறுவை செய்துகொண்ட 88 பேரில் 84 பேருக்குக் கண் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. கண்ணில் விட்ட உப்புநீரில் கிருமி இருந்திருக்கும் என்று சந்தேகிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1989-இல் தீர்ப்பு வந்தது. நல்ல எண்ணத்தோடு கூட்டப்பட்ட முகாம்தான் அது. நல்ல எண்ணம் மட்டும் கண்ணைக் காப்பாற்றாது என்பதை அந்த ஏழைகள் தங்கள் கண்களை இழந்து நமக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

ஊருக்கு வெளியே அழைத்துச் சென்றார்

1976-இல் டாக்டர் வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அதற்கு முன்பே, 1973-இல், அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டிருந்தது. திருமணம் செய்துகொள்ளாதவர். ஓய்வூதியத்தோடு அமைதியாக இருந்திருக்கலாம். ஆனால் மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வீட்டை அடமானம் வைத்தார். குடும்பத்தினர் நகைகளைக் கொடுத்து உதவினர். தங்கை டாக்டர் நாச்சியார், அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, தம்பி சீனிவாசன் ஆகியோர் அவரோடு உழைத்தார்கள்.

இங்கேதான் அவருடைய வாழ்வின் முக்கியமான பாடம் இருக்கிறது. காலப்போக்கில் அவரும் அவருடைய குழுவினரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கிராமத்தில் கண்ணைச் சோதிப்போம். ஆனால் அறுவை சிகிச்சையை மருத்துவமனையில்தான் செய்வோம் என்பதே அந்த முடிவு. எளிதான முடிவு அல்ல அது. ஊரில் செய்தால் ஊராருக்கும் மகிழ்ச்சி, முகாம் நடத்துபவர்களுக்கும் பெயர். மருத்துவமனைக்கு அழைத்தால் பலர் வரமாட்டார்கள். கிராமத்து மனிதருக்கு மதுரை என்பதே ஓர் அச்சம்.

அவர்கள் அதற்காகப் பாதுகாப்பைக் குறைக்கவில்லை. ஏழை வருவதற்கான வழியைச் செம்மைப்படுத்தினார்கள். சிகிச்சை இலவசம் என்றால் மட்டும் போதாது என்று கண்டார்கள். பேருந்து, சாப்பாடு, தங்குமிடம், மருந்து எல்லாம் இலவசம் ஆயின. ஒரே ஊர்க்காரர்களை ஒன்றாக ஒரே வண்டியில் அழைத்துச் சென்றார்கள். தெரிந்த முகம் பக்கத்துப் பாயில் இருந்தால் பயம் பாதியாகக் குறையும் அல்லவா? பெத்சாய்தாவில் ஆண்டவர் அந்த மனிதரின் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே நடத்திச் சென்றதை இங்கே நாம் நினைத்துப் பார்க்கலாம். தகுந்த இடத்துக்கு வா என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

முகாமில் நடப்பதைச் சொல்கிறோம். முதலில் பார்வைச் சோதனை. பிறகு கண் அழுத்தமும், கண்ணீர்ப் பையில் சீழ் இருக்கிறதா என்பதும் பார்க்கப்படும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சோதிக்கப்படும். அறுவை தேவைப்படுபவர்கள் பேருந்தில் மருத்துவமனைக்குப் போகிறார்கள். பெயரும், எந்தக் கண் என்பதும் சரிபார்க்கப்படுகின்றன. கண் மரத்துப்போகச் செய்யப்படுகிறது. சில நிமிடங்களில் அறுவை முடிகிறது. மறுநாள் கட்டுப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து அதே ஊரில் மறுபரிசோதனை நடக்கிறது. ஏதாவது தெரிகிறதா என்று ஆண்டவர் கேட்ட அந்தக் கேள்விதான் இந்த மறுபரிசோதனை.

ஏழைக்கு ஒரு தரம், பணக்காரருக்கு ஒரு தரம் என்று அவர் வைக்கவில்லை. பணம் கட்டுபவருக்குக் கட்டில், கட்டாதவருக்குப் பாய் என்ற வேறுபாடு உண்டு. ஆனால் இரு பக்கமும் மாறி மாறி வேலை செய்வது அதே மருத்துவர்கள்தான். பணம் கட்டுபவர்கள் தரும் தொகையே பணம் கட்டாதவர்களின் செலவையும் தாங்கியது. கிராமத்துப் பெண்பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்து, அவர்களையே அந்த மருத்துவமனையின் முதுகெலும்பாக்கினார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது ஏழைக்கு எட்டாத வெளிநாட்டு விலையில் விற்றது. 1992-இல் ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, அதை மதுரையிலேயே மிகக் குறைந்த விலையில் செய்தார்கள். இன்று அந்த லென்சுகள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன. தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி என்று மருத்துவமனைகள் அவர் காலத்திலேயே பெருகின.

2006-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் அவர் காலமானார். அவர் ஊன்றிய கவனம் அவரோடு போய்விடவில்லை. அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்த ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்புரை அறுவைகளை ஆராய்ந்து 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அறுவையின் முடிவில் கண்ணுக்குள் சிறிதளவு கிருமிக்கொல்லி மருந்து செலுத்தத் தொடங்கிய பிறகு, கண்ணுக்குள் சீழ் பிடிப்பது பத்தாயிரம் பேரில் ஏறக்குறைய 7 பேர் என்பதிலிருந்து 2 பேராகக் குறைந்தது என்று அதில் காட்டினார்கள். பத்தாயிரத்தில் ஐந்து பேர் நமக்குச் சிறிய எண்ணாகத் தெரியலாம். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன ஆயருக்கு அது சிறிய எண் அல்ல. அந்த ஐவரில் ஒருவர் நாரணாபுரத்துப் பாட்டியாகவும் இருக்கலாம்.

நம் பீடத்திலும் ஒரு கண் மருத்துவர்

டாக்டர் வெங்கடசாமி ஸ்ரீ அரவிந்தரின் வழியில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். மருத்துவமனைக்கு அவருடைய பெயரையே வைத்தார். பிற சமயங்களில் உள்ள உண்மையையும் புனிதத்தையும் திருஅவை மதிக்கிறது என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் நமக்குக் கற்றுத்தந்தது. அடிபட்டுக் கிடந்தவருக்கு அயலான் யார் என்று விளக்க ஆண்டவர் ஒரு சமாரியரைத்தான் எடுத்துக்காட்டினார்.

நம் திருஅவையிலும் இப்படி ஒரு கண் மருத்துவர் இருக்கிறார். அங்கேரி நாட்டின் அருளாளர் லாஸ்லோ பத்தியானி ஸ்ட்ராட்மன் (1870-1931) ஒரு பிரபுக் குடும்பத்தவர். பல பிள்ளைகளின் தந்தை. 1902-இல் தம் ஊரில் மருத்துவமனை கட்டி, ஏழைகளுக்குக் கட்டணமின்றிக் கண் அறுவை செய்தார். 2003 மார்ச் 23 அன்று திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தினார். கத்தி பிடித்த கையும் செபிக்கும் கைதான் என்பதற்கு அவர் சாட்சி.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. டாக்டர் வெங்கடசாமி பிறந்த அக்டோபர் 1, இன்று நாம் குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் விழாவைக் கொண்டாடும் நாள். சின்னஞ்சிறு செயல்களை அன்போடு செய்வதே புனிதத்தின் வழி என்று வாழ்ந்துகாட்டியவர் அவர். அறுவை அரங்கின் பாதுகாப்பும் சின்னஞ்சிறு செயல்களால் ஆனதே. கையைச் சரியாகக் கழுவுவது, பெயரைக் கேட்பது, எந்தக் கண் என்று இரண்டு முறை பார்ப்பது, கருவிகளைக் கொதிநீராவியில் சுத்தம் செய்வது, ஒவ்வாமை உண்டா என்று கேட்பது. 2008-இல் உலக சுகாதார நிறுவனம் அறுவை அரங்குகளுக்கென்று ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், அரங்கை விட்டு வெளியேறும் முன் என்று மூன்று முறை நிறுத்திச் சரிபார்க்கச் சொல்வதே அந்தப் பட்டியல். யாரும் கைதட்டாத வேலைகள் இவை. யாரும் பார்க்காத இடத்திலும் செய்யப்படும் அன்பு இது.

நாம் செய்ய வேண்டியது

நம் பங்குகளில் திருவிழாவையொட்டியும், பங்குப்பேரவை, வின்சென்ட் தே பவுல் சபை, இளைஞர் இயக்கம் ஆகியவற்றின் முயற்சியாலும் மருத்துவ முகாம்கள் நடக்கின்றன. அவற்றை நடத்தும்போதும், நம் வீட்டு முதியவர்களை அனுப்பும்போதும் சிலவற்றை நினைவில் வைப்போம்.

முதலாவதாக, அறுவை எங்கே நடக்கும், யார் செய்வார்கள், பிறகு யார் பார்ப்பார்கள் என்று கேட்போம். இலவசம் என்பதற்காகக் கேள்வி கேட்காமல் இருக்க வேண்டாம். எத்தனை பேருக்குச் செய்தோம் என்று நோட்டீசில் போடுவதைவிட, எத்தனை பேருக்குப் பார்வை நிலைத்தது என்று தெரிந்துகொள்வதே முக்கியம்.

இரண்டாவதாக, எதையும் மறைக்காமல் சொல்லப் பழக்குவோம். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா, முன்பு ஊசி போட்டபோது வந்த ஒவ்வாமை ஆகியவற்றை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சாப்பிடும் மாத்திரைகளைக் கையோடு கொண்டுபோக வேண்டும். இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்வதைக் கேட்க வேண்டும். ஆபரேசனைத் தள்ளிவைத்துவிடுவார்களோ என்று பயந்து சர்க்கரையை மறைப்பவர்கள் உண்டு. அந்தப் பொய் கண்ணையே பறித்துவிடக்கூடும்.

மூன்றாவதாக, மரப்பு ஊசி எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதை அறிந்துகொள்வோம். சிறு குழந்தைகள், அசையாமல் படுக்க முடியாதவர்கள், விடாத இருமல் உள்ளவர்கள், கண் கிழிந்து காயமானவர்கள் ஆகியோருக்கு முழு மயக்கம் தேவைப்படலாம். நம் பகுதியில் வெடி விபத்தில் கண்ணில் அடிபடுவது உண்டு. தீபாவளி நேரத்தில் எல்லா ஊர்களிலும் உண்டு. அப்படி நடந்தால் கண்ணைக் கசக்காமல், அழுத்தாமல், தாய்ப்பாலோ நாட்டு மருந்தோ ஊற்றாமல், உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். முழு மயக்கம் கொடுக்க நேரலாம் என்பதால் வழியில் சாப்பிடக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

நான்காவதாக, அறுவைக்குப் பிறகு வலி கூடினாலோ, கண் சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றே திரும்பிப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆகட்டும், சம்பளம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத் தாமதத்திலும் கண் போய்விடலாம். பாட்டியை அழைத்துப் போக வீட்டில் ஆள் இல்லை என்றால், அன்பியத்தில் ஒருவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போகக்கூடாதா? சொட்டு மருந்து விடத் தினமும் ஒரு பிள்ளை போகக்கூடாதா? மறுபரிசோதனை நாளில் அவரை வண்டியில் ஏற்றி அனுப்பக்கூடாதா?

கடைசியாக ஒன்று. மரத்துப்போகச் செய்து அறுவை நடக்கும்போது நோயாளி விழித்திருக்கிறார். வலி தெரியாது, ஆனால் காது கேட்கும். கருவிகளின் சத்தமும், மருத்துவர்களின் பேச்சும் காதில் விழும். அந்த நேரத்தில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டால் அச்சம் தணிகிறது. சில இடங்களில் இதற்கென்றே செவிலியர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருப்பார். இதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. பெத்சாய்தாவில் ஆண்டவர் முதலில் செய்ததும் இதுதான். கண்ணைத் தொடுவதற்கு முன்பே கையைப் பிடித்தார்.

அன்பார்ந்தவர்களே, ஏழைக்கு ஏதோ கிடைத்தால் போதும் என்பது இரக்கம் அல்ல. நம் சொந்தத் தாய்க்கு எந்தக் கவனத்தை எதிர்பார்ப்போமோ, அதே கவனம் ஊர் பேர் தெரியாத ஏழைத் தாய்க்கும் கிடைக்கச் செய்வதே இரக்கம். கோணிய விரல்களைக் கொண்ட ஒரு கரிசல் காட்டு மனிதர் இதைச் செய்துகாட்டினார். நல்ல கைகளைப் பெற்ற நாம் என்ன செய்யப் போகிறோம்? சிந்திப்போம்.

செபம்

ஆண்டவரே, பார்வையற்றவரின் கையைப் பிடித்து நடத்திச் சென்றவரே, எங்கள் ஊர்களில் பார்வை மங்கிய முதியவர்களை நினைத்தருளும். அவர்களைத் தொடும் மருத்துவர்களின் கைகளையும் செவிலியர்களின் கண்களையும் கவனத்தால் நிரப்பும். நாங்கள் செய்யும் உதவியில் அவசரமும் பெருமையும் இல்லாமல் காத்தருளும். ஒருவருடைய பார்வை தெளியும்வரை அவரோடு இருக்க எங்களுக்குப் பொறுமையைத் தாரும். ஆமென்.